பீன்யா கொட்டகையும் அம்மாவின் கேசட்டும்: ஒலியும் ஒளியும் எண்ணான வரலாறு

"பீன்யாவிலேயே முப்பது வருஷத்துக்கு மேல இருந்திருக்கீங்க, அதைப் பத்தி மலருக்கு ஒரு கட்டுரை எழுதுங்களேன்" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. நான் படித்த அறிஞன் அல்லன். 1982-ல் ஜோலார்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலேறி வந்து, பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் டர்னராகச் சேர்ந்தவன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம். ஆனாலும் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. அதற்கு விடை தேடிப் படித்ததையும், மின்னணுத் துறையில் இருக்கும் என் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தக் கேள்வி ஒரு கேசட்டில் தொடங்கியது. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குவைத்தில் இருந்த அண்ணன் விடுமுறையில் வந்தபோது ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதில் பேசிப் பதிவு செய்து, பெங்களூர் வரும் யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவார். "கண்ணு, வேளா வேளைக்குச் சாப்பிடறியா? அந்த ஊரு குளிரு ஒடம்புக்கு ஒத்துக்குதா?" என்று தொடங்கி, மாடு கன்று போட்டது வரை எல்லாம் வரும். அப்படி வந்ததில் இரண்டு கேசட்டுகள் மிஞ்சின. அம்மா 1994-ல் காலமானார். 2006-ல் ஒரு கேசட்டைக் கடையில் கொடுத்து எம்.பி.3 ஆக மாற்றி வாங்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்து, பூஞ்சை பிடித்திருந்த அந்தக் கேசட்டை நானே குப்பையில் போட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஏன் என்று புரிய வேண்டுமானால், ஒலியும் ஒளியும் எப்படி எண்ணாகின்றன என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த வரலாற்றில் நம் பீன்யாவுக்கும் ஓர் இடம் உண்டு.

கொட்டகையில் பிறந்த செயற்கைக்கோள்

இன்று பீன்யா என்றால் மெட்ரோ ரயிலும் மேம்பாலமும் போக்குவரத்து நெரிசலும்தான் நினைவுக்கு வரும். 1970-களின் தொடக்கத்தில் அது தும்கூர் சாலையை ஒட்டி அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்பேட்டை. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா உருவானது அங்கேதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட தொழிற்கொட்டகைகளில், யு.ஆர். ராவ் அவர்களின் தலைமையில் இளம் பொறியாளர்கள் சேர்ந்து அதைக் கட்டினார்கள். சோவியத் நாட்டோடு 1972-ல் ஒப்பந்தமாகி, 1975 ஏப்ரல் 19 அன்று அந்நாட்டின் கபுஸ்தின் யார் தளத்திலிருந்து அது ஏவப்பட்டது. எடை 360 கிலோ. 26 முகங்கள் கொண்ட உருவம். பழைய இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் அதன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வசதிகள் போதாமல் பெங்களூரில் ஒரு கழிப்பறையையே தரவு வாங்கும் அறையாக மாற்றிக்கொண்டதாக ராவ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மின்வழங்கியில் ஏற்பட்ட கோளாறால் அதிலிருந்த அறிவியல் கருவிகளின் ஆய்வுகள் சில நாட்களிலேயே நின்றுபோயின. ஆனால் செயற்கைக்கோளைக் கட்டவும், அதோடு பேசவும் நம்மவர்கள் கற்றுக்கொண்டார்கள். அது பேசிய மொழி எண்களின் மொழி. வெப்பம், மின்னழுத்தம் போன்ற அளவுகளை எண்களாக்கி, அந்த எண்களையே துடிப்புகளாகத் தரைக்கு அனுப்பும் பி.சி.எம். என்னும் முறையில்தான் அதன் செய்திகள் வந்தன. இந்த முறை முதலில் விண்வெளிக்காக உருவானதல்ல. மனிதக் குரலுக்காக உருவானது.

குரல் எப்படி எண்ணாகிறது?

அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர் பாரிஸில் ஒரு தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். தொலைபேசிக் கம்பியில் குரல் தொலைதூரம் போகப் போக இரைச்சலும் கூடவே ஏறிக்கொண்டு வந்தது. வழியில் சத்தத்தைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். "குரலை அப்படியே அனுப்பாமல், குரலின் அளவுகளை அனுப்பினால் என்ன?" என்று அவர் யோசித்தார். அதுதான் பி.சி.எம்.; 1938-ல் காப்புரிமை பெற்றார்.

இதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். வளைவு நெளிவான ஒரு ஷாஃப்டை நான் கடைந்து வைத்திருக்கிறேன். அதே மாதிரி ஒன்று கோயம்புத்தூர்ப் பட்டறைக்கு வேண்டும். ஷாஃப்டையே லாரியில் அனுப்பினால் வழியில் அடிபடும், துருப்பிடிக்கும். அதற்குப் பதில், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு தடவை விட்டத்தை அளந்து, அளவுகளை மட்டும் எழுதி அனுப்புகிறேன். அந்தப் பட்டறைக்காரர் அளவுகளைப் பார்த்துப் புதிதாக ஒரு ஷாஃப்டைக் கடைந்துகொள்வார். அளவெடுத்து எழுதுவது குறியாக்கம்; அதைப் பார்த்துத் திரும்பக் கடைவது குறிவிலக்கம். கடிதம் கசங்கினாலும் எண்ணைப் படிக்க முடிகிற வரையில் ஷாஃப்டுக்குக் கேடில்லை.

ஒலியும் அப்படித்தான். மைக்கில் விழும் காற்றழுத்தம் மின்னழுத்தமாகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளக்கிறார்கள். எத்தனை தடவை அளக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு: நாம் பிடிக்க நினைக்கும் மிக வேகமான அதிர்வைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். தொலைபேசிக்கு நொடிக்கு 8,000 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். ஆகமொத்தம் நொடிக்கு 64,000 பிட். 1982-ல் விற்பனைக்கு வந்த இசைத் தட்டான சி.டி.யில் நொடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட். எத்தனை பிட் என்பது எங்கள் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் மாதிரி. பிட் கூடினால் அளவு நுணுக்கமாகும்.

ரீவ்ஸின் யோசனை அவர் காலத்து வால்வுகளுக்கு மிஞ்சியதாக இருந்தது. டிரான்சிஸ்டர் வந்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது. 1962-ல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் 24 பேச்சுகளை எண்ணாக்கி ஒரே இணைப்பில் அனுப்பத் தொடங்கியது.

சேர்த்து அனுப்பும் கலை

எண்ணாக்கி அனுப்பினாலும் வழியில் ஓர் எண் மாறிப்போனால்? விண்வெளியிலிருந்து வரும் சைகை அவ்வளவு மெல்லியது. மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்தபோது, அதன் சைகை பூமிக்கு வந்துசேர ஏறத்தாழ 12½ நிமிடம் ஆனது. "சரியாகக் கேக்கலை, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டால் பதில் வர இருபத்தைந்து நிமிடம் ஆகிவிடும்.

இதற்கு வழி உண்டு என்று 1948-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் கிளாட் ஷானன். இரைச்சல் இருந்தாலும், ஒரு வேக வரம்புக்குள், செய்தியைப் பிழையில்லாமல் கொண்டுசேர்க்கலாம். அதற்குச் செய்தியோடு கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தனுப்ப வேண்டும் என்றார் அவர். ரிச்சர்ட் ஹேமிங் 1950-லும், இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் 1960-லும் அதற்கான குறிமுறைகளை வெளியிட்டார்கள்.

ஊர்த் திருவிழா வசூல் கணக்கைப் போல ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். 4, 7, 2 என்ற மூன்று எண்களை அனுப்ப வேண்டும். கூட்டுத்தொகை 13-ஐயும் சேர்த்து அனுப்புகிறேன். அதோடு, முதல் எண்ணை 1-ஆலும், இரண்டாவதை 2-ஆலும், மூன்றாவதை 3-ஆலும் பெருக்கிக் கூட்டிய 24-ஐயும் அனுப்புகிறேன். அந்தப் பக்கம் 4, 9, 2 என்று தவறாகக் கிடைக்கிறது. அவர் கூட்டிப் பார்க்கிறார்: 15, இரண்டு அதிகம். பெருக்கிக் கூட்டுகிறார்: 28; நான்கு அதிகம். நான்கை இரண்டால் வகுத்தால் 2. ஆக, பிழை இரண்டாவது எண்ணில், பிழையின் அளவு 2. ஒன்பதிலிருந்து இரண்டைக் கழித்து ஏழு என்று திருத்திக்கொள்கிறார். யாரையும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. ரீட்-சாலமன் முறையின் உள்ளே இருக்கும் எண்ணம் ஏறத்தாழ இதுதான். கீறல் விழுந்த சி.டி. பாடுவதும், டீக்கடையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கியூ.ஆர். அட்டை வேலை செய்வதும் இதனால்தான்.

கழித்து அனுப்பும் கலை

எண்ணாக்குவதில் ஒரு தொல்லையும் உண்டு. எண்கள் மலைபோலக் குவிந்துவிடும். பழைய தொலைக்காட்சிப் படம் ஒன்றை 720-க்கு 576 புள்ளிகளாகப் பிரித்து, புள்ளிக்கு 24 பிட் வைத்து, நொடிக்கு 25 படம் ஓட்டினால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 25 கோடி பிட். டி.வி.டி. தட்டு அதிகபட்சம் ஒரு கோடிக்கும் குறைவான பிட்டைத்தான் நொடிக்குக் கொடுக்கும். மிச்சத்தை எங்கே போடுவது?

இந்த இடத்தில்தான் பெங்களூரில் பிறந்த ஒருவர் வருகிறார். நசீர் அகமது 1940-ல் இந்நகரில் பிறந்தவர். இங்குள்ள விசுவேசுவரய்யா பொறியியல் கல்லூரியில் 1961-ல் பட்டம் பெற்று, அமெரிக்கா போய், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். படத்தின் புள்ளிகளைக் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதினால் பெரும்பாலான எண்கள் சுழியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். ஆராய்ச்சிக்குப் பண உதவி கேட்டு 1972-ல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். இது ரொம்ப எளிமையான யோசனை என்று கருதி மறுத்துவிட்டார்களாம். இதை அவரே 1991-ல் எழுதியிருக்கிறார். மனிதர் விடவில்லை. அவரிடம் முனைவர் ஆய்வு செய்த டி. நடராஜன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-ல் பட்டம் பெற்ற கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 சனவரியில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நான்கே பக்கம். டி.சி.டி. எனப்படும் அந்த முறைதான் 1992-ன் ஜேபெக் படத்துக்கும், எம்பெக் காணொளிக்கும், இன்று கைப்பேசியில் நாம் பார்க்கும் பெரும்பாலான காணொளிகளுக்கும் அடிப்படை. பீன்யா கொட்டகையில் ஆர்யபட்டா உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அது எப்படி வேலை செய்கிறது? நம் வீட்டுப் பெண்கள் வாசலில் போடும் புள்ளிக்கோலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வரிசைக்கு எட்டு, மொத்தம் எட்டு வரிசை, 64 புள்ளி. ஜேபெக் முறை ஒரு படத்தை இப்படி 64 புள்ளிச் சதுரங்களாகத்தான் வெட்டுகிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்று 64 எண் சொல்வதற்குப் பதில், "மொத்தத்தில் சராசரி வெளிச்சம் இவ்வளவு, இடமிருந்து வலம் போகப் போக இவ்வளவு கூடுகிறது, மேலிருந்து கீழே இவ்வளவு குறைகிறது, நடுவில் நெருக்கமான நெளிவு இவ்வளவு" என்று வேறு 64 எண்களால் சொல்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர், வானம், கன்னம் போன்ற இடங்களில் நெருக்கமான நெளிவு அநேகமாக இருக்காது. எனவே கடைசி எண்களெல்லாம் ஒன்றுமில்லாமல் போகும். இந்த மாற்றத்தில் மட்டும் எதுவும் தொலைவதில்லை. அடுத்த படியில்தான் தொலைகிறது: கண்ணுக்குத் தெரியாத சின்ன எண்களைச் சுழியமாக்கிவிடுகிறார்கள். அளவுக்கு மீறிச் சுழியமாக்கினால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும், பழைய வி.சி.டி.யில் சண்டைக்காட்சி பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

காணொளியில் இன்னொரு சிக்கனமும் உண்டு. செய்தி வாசிப்பவரின் பின்னால் இருக்கும் திரை நொடிக்கு 25 தடவையும் அதேதான். மாறியதை மட்டும் சொன்னால் போதும். பேருந்து நகர்ந்தால் பேருந்தைத் திரும்ப வரைய வேண்டாம். "அந்தத் துண்டு இத்தனை புள்ளி வலப்பக்கம் போனது" என்றால் முடிந்தது.

ஒலியில் கழிப்பது காதை ஏமாற்றும் வேலை. தவில் வெளுத்துக்கட்டும்போது பக்கத்தில் இருப்பவரின் கைக்கடிகாரச் சத்தம் நமக்குக் கேட்காது. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் வரும் சின்னச் சத்தத்தைக் காது கவனிப்பதில்லை. கேட்காததை எதற்கு எழுதி அனுப்ப வேண்டும் என்பதுதான் எம்.பி.3-இன் தத்துவம். ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் உருவாக்கிய அது, 1993-ல் வெளியான தரத்தில் இடம்பெற்றது. நசீர் அகமதுவின் கொசைன் முறையின் இன்னொரு வடிவம் அதற்குள்ளும் இருக்கிறது. நொடிக்கு 1,28,000 பிட் என்று வைத்தால் சி.டி.யில் பதினொன்றில் ஒரு பங்குதான். பாடல் கேட்க அது தாராளம். ஆனால் இதை உருவாக்கும்போது பிராண்டன்பர்க்கைத் திணறவைத்தது பெரிய வாத்தியக் கோஷ்டி அல்ல. பக்கவாத்தியம் இல்லாமல் சூசன் வேகா என்ற பாடகி தனியாகப் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டுத்தான். தனிக்குரலில் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. கொஞ்சம் கெட்டாலும் காது கண்டுபிடித்துவிடும்.

2023 ஆகஸ்ட் 23

அன்று மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. கட்டுப்பாட்டு அறை நம் பீன்யாவில் உள்ள இஸ்ட்ராக் வளாகத்தில். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். நான் வீட்டில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்லக் கீழிறங்கியது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் தரையிறங்கி கடைசிக் கட்டத்தில் தொடர்பிழந்த நினைவு இருந்ததால் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு என் மகன் சொன்னான்: "அப்பா, நிலாவிலிருந்து வந்த அளவுகள்ல ஒரு எண் கூட மாறக்கூடாது. அதனால கூடுதல் எண் சேர்த்து அனுப்புவாங்க. அந்தக் கோடு டி.வி. படமா மாறி நம்ம வீட்டுக்கு வரும்போது, தெரியாததையெல்லாம் கழிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க." தரையிறங்கியின் எண்கள் பெங்களூருக்கு வெளியே பியாலாளு கிராமத்து ஆண்டெனா வழியாகப் பீன்யாவுக்கு வந்தன. பீன்யாவிலிருந்து புறப்பட்ட படம், இதே நகரில் பிறந்தவரின் கணக்கால் சுருங்கி விழுப்புரத்துக்கும் வாணியம்பாடிக்கும் துபாய்க்கும் போனது. இரண்டும் டிஜிட்டல்தான். ஆனால் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விடலாம் என்பதை யாரோ ஒருவர் முதலிலேயே முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவு இடத்துக்கு இடம் வேறுபடும்.

மறுபடியும் கேசட்

அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. 2006-ல் கடைக்காரர் நிறைய நேரம் ஒரே தட்டில் பிடிக்க வேண்டும் என்று, பேச்சுத்தானே என்று, மிகக் குறைந்த பிட்டில் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, எது முக்கியம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அம்மாவின் வார்த்தைகள் எல்லாம் புரிகின்றன. ஆனால் வார்த்தைகளுக்கு நடுவே இருந்த வீடு இல்லை. இடைவெளிகளில் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சலசலப்புத்தான் கேட்கிறது.

மிஞ்சியிருந்த இரண்டாவது கேசட்டை என் மகன் போன வருடம் சுருக்காமல் கணினியில் ஏற்றினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அம்மா மாட்டைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் சேவல் கூவுகிறது. அதற்கும் பின்னால், திண்ணையிலிருந்து அப்பாவின் இருமல். அப்பா ஒரு தடவைகூட டேப்பில் பேசியதில்லை. "எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்று போய்விடுவார். அவர் குரலென்று எங்களிடம் இருப்பது அந்த இருமல் ஒன்றுதான். தூக்கியெறிந்த கேசட்டில் அவர் இருந்தாரா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கழித்த எண்ணைத் திரும்பக் கொண்டுவரும் கணக்கு எதுவும் இல்லை.

எனவே அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகள் பலவற்றில் இன்னும் பழைய கேசட்டுகள் பரணில் கிடக்கும்: தாத்தா பேசியது, பாட்டியின் தாலாட்டு, ஒப்பாரி, கல்யாண வீட்டு நலங்கு. காந்தநாடா ஆண்டுக்கு ஆண்டு கெடும் பொருள். இப்போதே எடுத்துச் சுத்தம் செய்து எண்ணாக்குங்கள். முதல் பிரதியைச் சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். நொடிக்கு 44,100 அளவு, 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 32 கோடி பைட்தான். இன்றைய பென்-டிரைவில் அது ஒரு மூலைக்குக் காணாது. இடம் குறைய வேண்டுமானால் ஃபிளாக் முறையில் சுருக்குங்கள். அதில் ஓர் எண்ணும் தொலையாது. உறவினருக்கு அனுப்ப எம்.பி.3 தனியாகச் செய்துகொள்ளலாம், எம்.பி.3-ஐ மறுபடி மறுபடி எம்.பி.3 ஆக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் தேயும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள். இரண்டு பிரதி, இரண்டு வீட்டில் இருக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகும் கேசட்டை எறியாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பிரதி என்னிடமும் இன்னொன்று ஊரில் அண்ணனிடமும் இருக்கிறது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டுப் போனில், "அப்பா இருமறாரு தம்பி, கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன்.